ஆட்டுப் புழுக்கையில் முட்டை எண்ணிக் குடற்புழுவைப் பின்தொடர்வது எப்படி?

ஆட்டுக்குக் குடற்பூச்சி மருந்து தவறாமல் ஊற்றுகிற வீடுகளிலும் ஐப்பசி, கார்த்திகை மழை கழிந்ததும் ஆடு தாடை வீங்கி நிற்பதுண்டு. மருந்து ஊற்றிய தேதி எல்லோருக்கும் நினைவிருக்கும். புழு போனதா என்று கேட்டால் பதில் இருக்காது. அந்தப் பதில் புழுக்கையில்தான் இருக்கிறது. அதிலுள்ள புழு முட்டைகளை எண்ண வேண்டும், அதே ஆடுகளில் மாதாமாதம் எண்ண வேண்டும். ஒரே ஒரு நாள் எண்ணி எழுதிய எண் பெரிதாக எதையும் சொல்லாது.

தேவையானவை: பத்து மடங்கு பொருள்வில்லை உள்ள சாதாரண மாணவர் நுண்ணோக்கி, மேக்மாஸ்டர் தகடு (கோடு போட்ட இரண்டு அறைகள் உள்ள, முட்டை எண்ணும் தகடு) ஒன்று, 0.1 கிராம் வரை காட்டும் சிறு தராசு, 50 மி.லி. சிரிஞ்ச், டீ வடிகட்டி, கண்ணாடி டம்ளர், துளிசொட்டி, கையுறை, கல் உப்பு. இத்துடன் ஒரு நோட்டு.

நோட்டிலிருந்து தொடங்குங்கள்

நுண்ணோக்கி வாங்குவதற்கு முன்பே ஆடுகளுக்குக் காதுவில்லை எண் போட்டுவிடுங்கள். மாதிரி ஒவ்வொன்றுக்கும் தேதி, ஆட்டின் எண், வயது, சினையா பாலூட்டுகிறதா, கடைசியாகக் கொடுத்த மருந்தின் பெயரும் தேதியும், சென்ற மாதம் எங்கே மேய்ந்தது என்று எழுதுங்கள். கடைசிக் கட்டத்தைப் பலர் வெறுமனே விட்டுவிடுகிறார்கள். கடலூர் மாவட்டத்தில் அதுதான் மிக முக்கியமான கட்டம். பண்ருட்டி, விருத்தாசலம் பக்கம் முந்திரிக்காட்டுச் செம்மண்ணில் மேயும் ஆடும், சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் பக்கம் வாய்க்கால் கரையில் மேயும் ஆடும் ஒரே புழுவுக்கு ஆளாவதில்லை. அறுவடை முடிந்த வயலில் வெளியூர்க் கீதாரிகள் (மந்தையோடு ஊர் ஊராகப் போகும் ஆட்டுக்காரர்கள்) கிடை போட்டிருந்தால் அதையும் குறியுங்கள். அடுத்த மழையில் உங்கள் ஆட்டில் ஏறும் எண்ணிக்கைக்குக் காரணம் அங்கே இருக்கலாம்.

20 ஆடு இருந்தால் 10 ஆட்டில் எடுங்கள். மெலிந்ததை மட்டும் பொறுக்காதீர்கள். நாலைந்து மாதக் குட்டி, புதிதாக ஈன்ற தாய், நன்றாக இருக்கும் கிடா எல்லாம் கலந்து இருக்கட்டும். ஒரு மந்தையின் பெரும்பாலான புழு சில ஆடுகளின் வயிற்றில்தான் குவிந்திருக்கும். அந்தச் சில ஆடுகள் எவை என்று கண்டுபிடிப்பதே பாதி வேலை.

புழுக்கை எடுத்தல்

கையுறை விரலில் துளி எண்ணெய் தடவி ஆசனவாயிலிருந்தே எடுங்கள். ஆட்டுக்கு எட்டு முதல் பத்துப் புழுக்கை போதும். தரையில் கிடந்ததை அள்ளினால் மண்ணில் வாழும் சாதாரணப் புழுக்களும் சேர்ந்து வரும். பிறகு எது எதுவென்று பிரிக்க முடியாது.

சிறு ஜிப் பையில் போட்டுக் காற்றைப் பிதுக்கி மூடுங்கள். நம் வெயிலில் மாதிரி ஒரு நாள் வெளியே கிடந்தால் முட்டை பொரிந்துவிடும். பொரிந்த முட்டை எண்ணிக்கையில் வராது, 'புழு இல்லை' என்று தவறாக எழுதிவிடுவீர்கள். ஐஸ் பெட்டியில் கொண்டுவந்து குளிர்சாதனப் பெட்டியில் 4 டிகிரியில் வைத்தால் சில நாள் தாங்கும். உறைநிலைப் பெட்டியில் வைக்காதீர்கள், உறைந்தால் முட்டை சிதையும்.

உப்புக் கரைசல்

1 லிட்டர் வெந்நீரில் 400 கிராம் கல் உப்பைப் போட்டுக் கலக்கி ஆறவிடுங்கள். ஆறியதும் அடியில் கொஞ்சம் உப்பு கரையாமல் தங்க வேண்டும். தங்கவில்லை என்றால் உப்பு போதவில்லை. மேலுள்ள தெளிவை வடிகட்டுங்கள். சிரிஞ்சில் 50 மி.லி. எடுத்துத் தராசில் நிறுத்தால் கரைசல் மட்டும் சுமார் 60 கிராம் இருக்க வேண்டும். 57, 58 என்று காட்டினால் கரைசல் நீர்த்திருக்கிறது. முட்டை மிதக்காமல் அடியில் தங்கிவிடும், தகட்டில் எதுவும் தெரியாது. புதிதாகத் தொடங்குகிறவர்களின் 'பூஜ்யம்' பெரும்பாலும் இப்படி வருவதுதான்.

எண்ணுதல்

2 கிராம் புழுக்கையை நிறுத்து, 28 மி.லி. கரைசலில் போட்டுக் கரண்டியால் நன்றாக மசியுங்கள். காய்ந்த புழுக்கையானால் கொஞ்சம் கரைசல் விட்டுப் பத்து நிமிடம் ஊறவைத்து மசியலாம். அந்தக் கரைசலும் 28 மி.லி. கணக்கில் சேர்ந்ததே. டீ வடிகட்டியில் வடித்து, கலக்கிக்கொண்டே இருக்கும்போது துளிசொட்டியால் உறிஞ்சுங்கள். கலக்கிவிட்டு ஒரு நிமிடம் கழித்து உறிஞ்சினால் முட்டைகள் மேலே போயிருக்கும், நீங்கள் நடுவிலிருந்து வெறும் நீரை எடுப்பீர்கள். இந்த ஒரு தவறே கணக்கை வெகுவாகக் கெடுத்துவிடும்.

தகட்டின் இரண்டு அறையையும் குமிழி விழாமல் நிரப்பி ஐந்து நிமிடம் வையுங்கள். முட்டை மிதந்து மேல் கண்ணாடியின் அடியில் ஒட்டும். ஆகவே முதலில் கோடுகளைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். அந்த மட்டத்தில்தான் முட்டையும் இருக்கும். கோட்டுக்குள் வருவதை மட்டும் வரிசை வரிசையாக எண்ணுங்கள். ஒரு மணி நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும். பிறகு உப்பு படிகமாகும், முட்டையும் சுருங்கும்.

இரண்டு அறைகளின் மொத்தத்தை 50-ஆல் பெருக்கினால் ஒரு கிராமில் உள்ள முட்டைகளின் எண்ணிக்கை கிடைக்கும். 2 கிராம் 30 மி.லி. கலவையில் இருக்கிறது, இரண்டு அறையும் சேர்ந்து 0.3 மி.லி. பிடிக்கும். அதாவது நீங்கள் பார்த்தது ஒரு கிராமில் ஐம்பதில் ஒரு பங்கு. 23 முட்டை என்றால் 1150. ஒன்றுமே தென்படாவிட்டால் '50-க்குக் கீழ்' என்று எழுதுங்கள், பூஜ்யம் என்று எழுதாதீர்கள்.

நீள்வட்டமாக, மெல்லிய ஓட்டோடு, உள்ளே திராட்சைக் குலை போல அணுக்கள் தெரிந்தால் ஸ்ட்ராங்கைல் வகை. ஆடுகளில் அதிகம் காண்பது இதுதான். ரத்தம் குடிக்கும் ஹிமாங்கஸ் புழுவின் முட்டையும் இதற்குள்தான் அடங்கும், கண்ணால் தனியே பிரிக்க முடியாது. இரண்டு முனையிலும் மூடி வைத்தது சாட்டைப்புழு. முக்கோணமாகவோ சதுரமாகவோ இருந்தால் மொனீசியா நாடாப்புழு. மிகச் சிறிய உருண்டைகள் காக்சிடியா என்ற ஒருசெல் ஒட்டுண்ணி, இவற்றைத் தனியாக எழுதுங்கள். கன்னங்கரேல் என்ற விளிம்போடு வட்டமாகத் தெரிவது காற்றுக் குமிழி. மகரந்தமும் ஏமாற்றும்.

ஆட்டில் ஸ்ட்ராங்கைல் 500-க்குக் கீழே என்றால் குறைவு, 1500-ஐத் தாண்டினால் அதிகம் என்று தோராயமாகக் கொள்ளலாம். ஆனால் ஹிமாங்கஸ் பெண்புழு ஒன்றே நாளுக்கு 5000 முதல் 10,000 முட்டை இடும். வேறு பல புழுக்கள் அவ்வளவு இடுவதில்லை. ஆகவே முட்டை எண்ணிக்கையை வைத்து மட்டும் உள்ளே எத்தனை புழு என்று சொல்லிவிட முடியாது. அதோடு, உள்ளே போன இளம்புழு முட்டையிடவே சுமார் மூன்று வாரமாகும். மழை தொடங்கி இரண்டு வாரத்தில் எண்ணிக்கை குறைவாக இருக்கிறதே என்று அசந்துவிட வேண்டாம்.

அந்த இடைவெளியை நிரப்ப ஆட்டின் கண் உதவும். கீழிமையின் உட்புறத்தை வெளிச்சத்தில் பார்த்து 1 (நல்ல சிவப்பு) முதல் 5 (வெள்ளை) வரை மதிப்பிடுங்கள். தென்னாப்பிரிக்காவில் உருவான ஃபமாச்சா அட்டையின் முறை இது. 4, 5 வந்தால் எண்ணிக்கைக்குக் காத்திராமல் கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோங்கள்.

தட்டைப்புழுவுக்கு வேறு வழி

கல்லீரல் புழு, ஆம்பிஸ்டோம் போன்ற தட்டைப்புழுக்களின் முட்டை கனமானது, உப்பில் மிதக்காது. அவை நத்தை வழியாகப் பரவுபவை. ஆகவே வீராணம் பாசனப் பகுதியிலும் மழைநீர் வடியும் பள்ளங்களிலும் மேயும் மாடு, எருமை, ஆடுகளுக்குப் படியவைக்கும் முறையைத் தனியே செய்தாக வேண்டும். 5 கிராம் சாணத்தை 200 மி.லி. தண்ணீரில் கரைத்து வடித்து, ஐந்து நிமிடம் வையுங்கள். மேல்நீரை மெதுவாகச் சாய்த்துக் கொட்டி மறுபடி தண்ணீர் ஊற்றுங்கள். நீர் தெளியும்வரை இதைத் திரும்பச் செய்து, அடிவண்டலில் ஒரு துளி மெத்திலீன் நீலம் விட்டுப் பாருங்கள். குப்பையெல்லாம் நீலமாக, கல்லீரல் புழு முட்டை பொன்மஞ்சளாகவும் ஆம்பிஸ்டோம் முட்டை நிறமின்றித் தெளிவாகவும் நிற்கும். ஆம்பிஸ்டோமின் இளம்புழுவே மாட்டைக் கொல்லக்கூடும், அப்போது சாணத்தில் முட்டை இருக்காது. நாற்றமடிக்கும் நீர்க்கழிச்சல் கண்டால் முட்டை இல்லை என்பதை ஆறுதலாகக் கொள்ளாதீர்கள்.

மருந்து வேலை செய்ததா?

மருந்து கொடுக்கும் அன்றும், 14 நாள் கழித்தும் அதே பத்து ஆடுகளில் எண்ணுங்கள். சராசரி 1200-லிருந்து 180-க்கு வந்தால் குறைந்தது 85 சதவீதம். 95-க்குக் கீழே போனால் புழுவுக்கு அந்த மருந்தை எதிர்க்கும் திறன் வந்துவிட்டதோ என்று சந்தேகிக்க வேண்டும். அதற்குமுன் ஒன்றைச் சரிபாருங்கள்: எடை போட்டா மருந்து ஊற்றினீர்கள், கண்மதிப்பிலா? 30 கிலோ ஆட்டை 20 கிலோ என்று நினைத்து ஊற்றியிருந்தால் குறை மருந்தில் இல்லை. அந்த நோட்டோடு மருத்துவரைப் பார்த்தால், எந்த மருந்தை மாற்றுவது என்று அவரால் சொல்ல முடியும்.

நாய், நரி எச்சம்

பிச்சாவரம், கிள்ளை பக்கம் நரியும் ஊர்நாயும் ஆடும் ஒரே பாதையில் நடமாடும் இடங்களில் எச்சத்தையும் பார்க்க ஆசை வரும். காப்புக்காட்டில் மாதிரி எடுக்க வனத்துறையின் எழுத்து அனுமதி வேண்டும். ஒரு பாதையைத் தேர்ந்து, அன்று கிடக்கும் பழைய எச்சத்தையெல்லாம் அப்புறப்படுத்திவிட்டு, மறுநாள் காலை புதிதாக விழுந்ததை மட்டும் எடுங்கள். மண்ணில் படாத மேல்பகுதியை எடுத்து, இடக்குறியீட்டோடு எழுதுங்கள். கையுறையும் முகக்கவசமும் கட்டாயம். நாயின் நாடாப்புழு முட்டை சில வகைகளில் மனிதருக்கு நீர்க்கட்டி நோய் தரும், நுண்ணோக்கியில் ஆபத்தான வகையையும் மற்றதையும் பிரித்தறிய முடியாது.

நரி எச்சத்தில் மொனீசியா முட்டை தெரிந்தால் நரிக்கு மொனீசியா என்று எழுதிவிடாதீர்கள். எங்கோ வீசிய ஆட்டுக்குடலைத் தின்றிருக்கும், முட்டை அப்படியே வெளியே வந்திருக்கும். 'எச்சத்தில் காணப்பட்டது' என்று மட்டும் குறித்து, அந்த வாரம் அக்கம்பக்கத்தில் ஆடு அறுத்த கழிவு எங்கே கொட்டப்பட்டது என்று விசாரியுங்கள்.