கிரேக்கக் கிராமத்தில் முதல் கிறிஸ்துமஸ்: புதிதாகக் குடியேறியவர்களுக்கான செய்முறை விளக்கம்

தென் கிரீஸில், பெலோபொன்னேசின் மெஸ்ஸீனியா பகுதியில், ஒலிவத் தோப்புகள் சூழ்ந்த ஒரு சிற்றூரில் குடியேறிய முதல் ஆண்டு, நான் டிசம்பர் 25 என்ற ஒரே நாளுக்காக ஆயத்தம் செய்தேன். அது பிழை என்று 24ஆம் தேதி காலையிலேயே தெரிந்தது. இங்கே கொண்டாட்டம் அன்று தொடங்கி, ஜனவரி 6ஆம் தேதித் திருக்காட்சி விழா வரை நீள்கிறது. ஆகவே ஆயத்தத்தை டிசம்பர் நடுவிலேயே தொடங்குங்கள்.

முதல் வேலை, அக்கம்பக்கத்தாருக்குக் கொடுக்க ஓர் இனிப்புச் செய்வது. நவம்பர் 15 முதல் 40 நாள் நோன்பு இருப்பவர்கள் இறைச்சி, முட்டை, பால், வெண்ணெய் ஆகியவற்றைத் தொடுவதில்லை. வெண்ணெயில் செய்யும் குராபியேதெஸ் என்னும் இனிப்பு பண்டிகை நாளுக்குப் பொருந்தும். அதற்கு முன் கொடுப்பதற்கு ஒலிவ எண்ணெயில் செய்யும் மெலோமகாரோனாவே ஏற்றது.

அதைச் செய்ய, ஒரு கோப்பை ஒலிவ எண்ணெய், அரைக் கோப்பை ஆரஞ்சுச் சாறு, அரைக் கோப்பை சர்க்கரை, பட்டைத் தூள், கிராம்புத் தூள், அரைத் தேக்கரண்டி சமையல் சோடா ஆகியவற்றைக் கலந்து, சுமார் அரைக் கிலோ கோதுமை மாவைச் சிறிது சிறிதாகச் சேருங்கள். மாவு கையில் ஒட்டாமல் திரண்டதும் நிறுத்திவிட வேண்டும். சப்பாத்தி மாவைப் போல அழுத்திப் பிசைந்தால் எண்ணெய் பிரிந்து, பண்டம் கடினமாகிவிடும். முட்டை வடிவில் உருட்டி, ஓவனில் 180 டிகிரியில் சுமார் 25 நிமிடம் சுடுங்கள். தேன், சர்க்கரை, தண்ணீர் மூன்றையும் தலா ஒரு கோப்பை எடுத்துக் காய்ச்சிய பாகை முன்னதாகவே ஆறவைத்திருக்க வேண்டும். சூடான பண்டத்தை ஆறிய பாகில் சில நொடிகள் நனைத்தெடுத்து, பொடித்த வால்நட் பருப்பைத் தூவினால் வேலை முடிந்தது. இது ஒலிவ அறுவடைக் காலம் என்பதால் பகலில் பலரும் தோப்பில் இருப்பார்கள். தட்டை மாலையில் கொண்டுபோய்க் கொடுங்கள்.

அடுத்ததாக, 23ஆம் தேதி இரவே சில்லறைக் காசுகளைக் கதவருகே வைத்துவிடுங்கள். மறுநாள் காலை, முக்கோண இரும்புக் கம்பியைத் தட்டிக்கொண்டு பிள்ளைகள் வாசலுக்கு வந்து, "நா த பூமே?", அதாவது "பாடலாமா?" என்று கேட்பார்கள். "பீத்தே தா", அதாவது "பாடுங்கள்" என்று சொல்லி, கலந்தா என்னும் அந்தப் பாடலை முடிவுவரை நின்று கேட்டபின் காசு கொடுக்க வேண்டும். முதல் ஆண்டு என் கையில் காசில்லை; பாட வந்த சிறுமி வெறுங்கையோடு படியிறங்கியது இன்றும் என் மனத்தை உறுத்துகிறது. டிசம்பர் 31, ஜனவரி 5 காலைகளிலும் அவர்கள் வருவார்கள்.

25ஆம் தேதி விடியுமுன்னே கோயில் மணி அடிக்கும். நீங்கள் வேறு சமயத்தவராக இருந்தாலும் உள்ளே செல்லலாம்; வாசலில் காணிக்கை இட்டு, ஒரு மெழுகுத்திரி ஏற்றிவிட்டு அமைதியாக நின்றால் போதும். வழிபாட்டில் தரப்படும் நற்கருணை மட்டும் ஆர்த்தடாக்ஸ் சபையினருக்குரியது. வெளியே வந்ததும் எல்லோரிடமும் "க்ரோனியா போலா" என்று சொல்லுங்கள். நீண்ட ஆயுளை வாழ்த்தும் சொல் அது. அன்று கிறிஸ்தோஸ், கிறிஸ்தினா என்னும் பெயருடையவர்களுக்குப் பெயர் நாளும், அதாவது அவர்கள் பெயருக்குரிய விழா நாளும் ஆகும். அப்படிப்பட்டவர் அண்டை வீட்டிலிருந்தால் தனியே வாழ்த்துங்கள். 25, 26 இரண்டும் அரசு விடுமுறை என்பதால், சமையற்பொருள்களையும் விறகையும் 24ஆம் தேதிக்குள் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பரிசுகளுக்கு அவசரம் வேண்டாம். இங்கே அவற்றைக் கொண்டுவருபவர் புனித வசிலியோஸ்; அவருடைய நாள் ஜனவரி 1. அன்று காசு பொதித்துச் சுட்ட வாசிலோபிதா கேக்கை வீட்டுத் தலைவர் வெட்டுவார். முதல் துண்டு கிறிஸ்துவுக்கு, அடுத்தது அன்னை மரியாவுக்கு, பிறகு வீட்டாருக்கு வயது வரிசைப்படி. சில குடும்பங்கள் தொலைநாட்டில் இருக்கும் பிள்ளைக்கும் ஒரு துண்டு ஒதுக்குகின்றன. உங்கள் வீட்டில் வெட்டும்போது, ஊரிலிருக்கும் உங்கள் பெற்றோரின் பெயரைச் சொல்லி அவ்வாறே எடுத்து வையுங்கள்.