"அஞ்சு வோல்ட் வருது" என்று சொல்வதற்கு முன்: வண்டியின் யுஎஸ்பி போர்ட்டில் நாம் செய்யும் தவறுகள்

போன வாரம் பட்டறைக்குப் புதிதாக வந்த பையன், மல்டிமீட்டர் முனைகளை ஒரு காரின் யுஎஸ்பி போர்ட்டுக்குள் வைத்துப் பார்த்துவிட்டு, "அண்ணே, அஞ்சு வோல்ட் கரெக்டா வருது. போர்ட்ல ஒண்ணுமில்ல, ஸ்டீரியோதான் போச்சு" என்றான். எனக்கு வயிற்றைக் கலக்கியது. பல வருடங்களுக்கு முன்னால் இதையே நானும் சொல்லியிருக்கிறேன். சொன்னதற்குக் கைக்காசும் போட்டிருக்கிறேன்.

கேபிளை மாற்றிப் பார், வேறு போனைச் செருகிப் பார், சாவியை ஆன் செய்தாயா என்பதெல்லாம் யாருக்கும் தெரிந்ததுதான். அவற்றை விட்டுவிடுகிறேன்.

லோடு (கரண்ட் இழுக்கும் போன் மாதிரி ஒரு சாதனம்) கொடுக்காமல் வோல்டேஜ் பார்ப்பது

பல வருடங்களுக்கு முன் நான் ஏமாந்த அந்த வண்டியில் புகார் இதுதான்: போன் சார்ஜ் ஏறும், நிற்கும், மறுபடி ஏறும். மேடு பள்ளத்தில் வண்டி குதித்தால் பாட்டு அறுந்துபோகும். நான் மீட்டரை வைத்தேன், 5.1 வோல்ட். போர்ட் நன்றாக இருக்கிறது, ஸ்டீரியோவுக்குள் சர்க்யூட் போர்டு போய்விட்டது என்று உரிமையாளரிடம் அடித்துச் சொன்னேன். அவரும் நம்பினார். புது ஸ்டீரியோ வாங்கி, அரை நாள் டேஷ்போர்டைப் பிரித்து மாட்டினேன். மறுநாள் காலையில் அதே வண்டி, அதே புகார்.

கடைசியில் குற்றவாளி கியர் கன்சோலுக்கு அடியில் இருந்தது. போர்ட்டிலிருந்து ஸ்டீரியோவுக்குப் போகும் நீட்டிப்பு கேபிளின் கனெக்டரில் ஒரு டெர்மினல் (வயர் முனையில் உள்ள உலோகத் துண்டு) வாய் விரிந்து, கறுத்துப் போயிருந்தது. எப்போதோ யாரோ சிந்திய குளிர்பானத்தின் பிசுபிசுப்பு வேறு.

பிறகு ஏன் மீட்டர் 5.1 காட்டியது? மல்டிமீட்டர் கரண்டே எடுக்காது என்று வைத்துக்கொள்ளலாம். கரண்ட் ஓடாத வயரில் எவ்வளவு ரெசிஸ்டன்ஸ் (மின்தடை) இருந்தாலும் வோல்டேஜ் இறங்காது. போன் 1 ஆம்பியர் இழுக்கத் தொடங்கியதும்தான் கதை மாறும். அந்தக் கறுத்த டெர்மினலில் 1 ஓம் இருந்தால், அங்கேயே 1 வோல்ட் காணாமல் போகும். 5.1 என்பது போனுக்கு 4.1 ஆகப் போய்ச் சேரும். சாதாரண யுஎஸ்பி போர்ட்டில் 4.75 முதல் 5.25 வோல்ட் வரை இருக்க வேண்டும் என்பதுதான் கணக்கு. 4.1ஐப் பார்த்ததும் போன் சார்ஜை நிறுத்தும். நிறுத்தியதும் கரண்ட் குறையும், வோல்டேஜ் ஏறும், போன் மறுபடி தொடங்கும். ஏறுவதும் நிற்பதும் ஏன் மாறி மாறி வந்தது என்று இப்போது புரிகிறதா?

செய்ய வேண்டியது எளிது. யுஎஸ்பி மீட்டர் என்று விரல் நீளத்தில் ஒரு சாதனம் கிடைக்கும். அதை நேராகப் போர்ட்டில் செருகுங்கள். இடையில் வேறு கேபிள் வேண்டாம், அதன் இழப்பும் கணக்கில் சேர்ந்துவிடும். மீட்டரின் மறுமுனையில் சார்ஜ் நன்றாக இறங்கிய போனை மாட்டுங்கள். இப்போது வோல்ட் எவ்வளவு, ஆம்பியர் எவ்வளவு என்று பாருங்கள். பிளக்கை மெல்ல மேலும் கீழும் அசையுங்கள், எண் ஆடுகிறதா? ஆடினால் போர்ட் தளர்ந்திருக்கிறது. ஆடாமல் மொத்தமாகவே குறைவாக இருந்தால், லோடு அப்படியே இருக்க ஸ்டீரியோவின் பின்பக்க கனெக்டரிலும் அளந்து பாருங்கள். அங்கே 5, இங்கே 4.2 என்றால் கோளாறு நடுவில் உள்ள கேபிளில். எர்த் (நெகட்டிவ்) பக்கத்தையும் மறக்காதீர்கள். போர்ட்டின் எர்த் முனைக்கும் ஸ்டீரியோவின் எர்த்துக்கும் நடுவே, லோடோடு அளந்தால், கிட்டத்தட்ட பூஜ்யம்தான் காட்ட வேண்டும். பெரும்பாலானோர் பிளஸ் வயரை மட்டும் துரத்துவார்கள்.

அந்த உரிமையாளர் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. "பழைய ஸ்டீரியோ நல்லாத்தானே இருந்துச்சு, தம்பி?" என்று மட்டும் கேட்டார். புது ஸ்டீரியோவின் காசை நான்தான் திருப்பிக் கொடுத்தேன். நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது, மீட்டர் மேல் அல்ல, அதை அவசரமாக எடுத்துவிட்ட என் கை மேல்.

பையனின் வண்டிக்கும் லோடு கொடுத்துப் பார்த்தோம். 4.3. அவன் ஒன்றும் பேசாமல் கன்சோலைக் கழற்றப் போனான்.

டைப் சி போர்ட்டில் பூஜ்யம் காட்டினால் பயப்படுவது

முறையாகச் செய்த டைப் சி போர்ட், எதிரில் ஒரு சாதனம் இருப்பதை உணர்ந்த பிறகுதான் வோல்டேஜைத் திறந்துவிடும். காலியாக இருக்கும்போது அளந்தால் பூஜ்யம்தான். நல்ல போர்ட்டைச் "செத்துப்போச்சு" என்று கழற்றி எறிந்தவர்கள் உண்டு.

பெரிய ஃபியூஸ் போடுவது

சிவப்பு 10 ஆம்பியர் அடிக்கடி போகிறது என்று மஞ்சள் 20 ஆம்பியரைச் செருகிவிடுவார்கள். ஃபியூஸ் காப்பது போர்ட்டை அல்ல, வயரை. 20 போட்டால் அடுத்த முறை ஃபியூஸுக்குப் பதில் வயர் உருகும், அதுவும் டேஷ்போர்டுக்கு உள்ளே. ஃபியூஸ் ஏன் போகிறது என்று தேடுங்கள். பல வண்டிகளில் 12 வோல்ட் சாக்கெட்டும் யுஎஸ்பியும் ஒரே ஃபியூஸில் இருக்கும். அந்த சாக்கெட்டில் டயருக்குக் காற்றடிக்கும் பம்பை மாட்டினால், போவது யுஎஸ்பியும்தான். சாக்கெட்டுக்குள் ஒரு நாணயம் விழுந்து கிடந்து ஷார்ட் ஆனதையும் பார்த்திருக்கிறேன். டார்ச் அடித்துப் பாருங்கள்.

சார்ஜ் ஆகிறது, ஆனால் ஸ்டீரியோ போனைக் காணவில்லை

ஃபியூஸ் பெட்டிப் பக்கமே போகாதீர்கள். சாதாரண ஏ போர்ட்டில் நான்கு முனைகள்: ஓரத்து இரண்டு பவர், நடு இரண்டு டேட்டா. பவர் வருகிறது, டேட்டா வரவில்லை, அவ்வளவுதான். அதோடு, சார்ஜுக்கு மட்டும் என்றே கொடுத்த போர்ட்டில் டேட்டாவைத் தேடிக்கொண்டிருக்கிறோமா என்றும் பாருங்கள். பின்சீட் போர்ட்கள் பெரும்பாலும் அப்படித்தான்.

ஊக்கால் அழுக்கெடுப்பது

வேண்டாம். மரக்குச்சி, அதுவும் ஃபியூஸைப் பிடுங்கிய பிறகு.

எந்த ஸ்ப்ரே கையில் கிடைத்தாலும் அடிப்பது

மின் முனைகளைச் சுத்தம் செய்வதற்கென்றே உள்ள கான்டாக்ட் கிளீனர் மட்டும். எண்ணெய்ப் பசை உள்ளது தூசியைக் கூட்டி ஒட்டவைக்கும்.

மஞ்சள் கனெக்டரைத் தொடுவது

டேஷ்போர்டுக்குள் மஞ்சள் கனெக்டரைப் பார்த்தால் பெரும்பாலும் அது ஏர்பேக். மீட்டர் முனையை அதில் வைக்கவே கூடாது. பக்கத்தில் வேலை இருந்தால் பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, வண்டியின் கையேடு சொல்லும் நேரம் வரை காத்திருந்து தொடங்குங்கள்.