ஜெர்மனியில் நம்ம ஊர்ச் சாமான்: எங்கே, எப்படித் தேடுவது?

ஜெர்மனிக்குப் புதிதாக வருபவர்கள் முதல் இரண்டு வாரம் ரொட்டியும் சீஸும் சாப்பிட்டுச் சமாளித்துவிடுவார்கள். அதற்கப்புறம்தான் நாக்கு ரசத்துக்கு ஏங்கும். நான் வந்த புதிதில் "இந்தியக் கடை" என்று மட்டுமே தேடினேன். இருந்த ஒன்றும் ரயிலில் ஒரு மணி நேரம். எனக்கு வேண்டியதில் பாதி எங்கள் தெருமுனைத் துருக்கிக் கடையிலேயே இருந்தது தெரிய நான்கு மாதம் ஆனது. அந்த நான்கு மாதம் உங்களுக்கு மிச்சமாகட்டும்.

படி 1: பெட்டி கட்டும்போதே

ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்கள் இறைச்சியும் பால் பொருளும் கொண்டுவரக் கூடாது. நெய்யும் பால்கோவாவும் அதில் சேர்த்தி. சான்றிதழ் இல்லாமல் பச்சைக் காய், பழம், இலை எதுவும் கூடாது. வாழைப்பழம், தேங்காய், அன்னாசி, பேரீச்சை, துரியன் ஆகிய ஐந்துக்கு மட்டும் விலக்கு. ஆகவே அம்மா ஆசையாகக் கட்டித்தரும் கறிவேப்பிலையை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். சாம்பார்ப் பொடி, இட்லிப் பொடி, வற்றல், அப்பளம், பெருங்காயம் தாராளமாக வரலாம். கருவாடுகூட வரலாம், 20 கிலோ வரை! இங்கேயும் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான். மிக்ஸி ஓடும், பிளக்குக்கு அடாப்டர் மட்டும் வேண்டும்.

படி 2: பக்கத்து சூப்பர்மார்க்கெட்

பால் அலமாரியில் "புட்டர்மில்ஷ்" என்று இருக்கும். மோரேதான். தண்ணீர் விட்டு, உப்பும் மல்லித்தழையும் போட்டால் நீர்மோர். வெண்ணெயில் "ஸவர்ராம்புட்டர்" என்ற வகையைப் பாருங்கள். புளிக்கவைத்த பாலேட்டில் எடுப்பது. 250 கிராம் கட்டியை மெல்லிய தீயில் உருக்கினால் சுமார் 200 கிராம் நெய் கிடைக்கும், நம் வீட்டு வாசனையோடு.

ரவைக்குப் பெயர் "க்ரீஸ்". இதில் இரண்டு வகை உண்டு, கவனம். "வைஷ்வைட்சன்" என்று போட்டிருப்பது மென்கோதுமை, உப்புமா களியாகிவிடும். "ஹார்ட்வைட்சன்" வாங்குங்கள், உதிரியாக வரும். சர்க்கரைப் பொங்கலுக்கு "மில்ஷ்ரைஸ்" என்ற குண்டரிசி நன்றாகக் குழையும். வெல்லம் இல்லையென்றால் இயற்கைப் பொருள் கடையில் "ஃபோல்ரோர்சுக்கர்" கேளுங்கள். கிட்டத்தட்ட நம் நாட்டுச் சர்க்கரைதான்.

படி 3: துருக்கிக் கடை

மல்லி, புதினா எல்லாம் இங்கே பெரிய கட்டாகக் கிடைக்கும். வெண்டைக்காய்க்குப் பெயர் "பாம்யா". "கிர்மிஸி மெர்ஜிமெக்" என்று எழுதிய சிவப்புப் பருப்பு நம் மைசூர்ப் பருப்பு. குக்கர் இல்லாமலே இருபது நிமிடத்தில் வெந்துவிடும். துவரையின் மணம் இருக்காது, ஆனால் ரசத்துக்குக் குறை சொல்ல முடியாது.

படி 4: ஆசியக் கடை

பெரும்பாலும் வியட்நாமியரோ தாய்லாந்துக்காரரோ நடத்துவது. பெர்லினில் இருந்தால் லிஷ்டன்பெர்க் பகுதியில் உள்ள டோங் சுவான் சென்டருக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். கட்டிப் புளி, பாகற்காய், காரமான பச்சை மிளகாய் எல்லாம் இந்தக் கடைகளில் தேடலாம். "தாய் ஷாலட்" என்று விற்கும் சின்னச் சிவப்பு வெங்காயம் சாம்பாருக்குப் பொருத்தம்.

படி 5: தமிழ்க் கடை

என்னைக் கேட்டால் இதுதான் பெரிய புதையல். 1983க்குப் பிறகு இலங்கைத் தமிழர்கள் நிறையப் பேர் அகதிகளாக இந்த நாட்டுக்கு வந்தார்கள். ஹம் நகரில் 2002இல் எழுந்த காமாட்சி அம்பாள் கோயிலும் அவர்கள் முயற்சிதான். அந்த நகரம் இருக்கும் மேற்குப் பகுதியில், ரூர் பக்கம், அவர்கள் நடத்தும் கடைகளைத் தேடுங்கள். முருங்கைக்காய், கறிவேப்பிலை, சிவப்பரிசி, உளுந்து எல்லாம் இருக்கும். அதைவிட, தமிழிலேயே கேட்டு வாங்கலாம். சில சொற்கள் மட்டும் வேறு: நிலக்கடலை அங்கே கச்சான், துருவிய தேங்காய் தேங்காய்ப்பூ, காய்கறி மரக்கறி. அவர்கள் கறித்தூளைச் சாம்பார்ப் பொடி என்று நினைத்து வாங்காதீர்கள், சுவை வேறு. மீன் குழம்பில் போட்டுப் பாருங்கள், பிரமாதம். "அண்ணா, மரக்கறி எந்த நாள் வரும்?" என்று கேட்டு வைத்துக்கொண்டு அந்த நாளில் போனால் எல்லாம் வாடாமல் கிடைக்கும்.

கறிவேப்பிலையை மொத்தமாக வாங்கி, கழுவி, ஈரம் போகத் துடைத்து, பையில் போட்டு உறையறையில் வையுங்கள். தாளிக்கும்போது அப்படியே எடுத்துப் போடலாம். எண்ணெய் தெறிக்கும், கொஞ்சம் தள்ளி நில்லுங்கள்.

படி 6: இட்லி மாவு

ஞாயிற்றுக்கிழமை இங்கே கடைகள் மூடியிருக்கும், வெள்ளிக்கிழமையே வாங்கிவிடுங்கள். நாலு பங்கு இட்லி அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து. தமிழ்க் கடை பக்கத்தில் இல்லையென்றால், ஆங்கிலேயப் பாக்கெட்டுகளில் உளுந்தை "யூரித்" என்று எழுதியிருப்பார்கள், அதைத் தேடுங்கள். சனிக்கிழமை மதியம் அரைத்து, உப்புப் போட்டுக் கையாலேயே கரையுங்கள். குளிர்காலத்தில் சமையலறை மேடையில் வைத்தால் மாவு அசையாது. ஓவனைச் சூடாக்காமல், உள்ளே விளக்கை மட்டும் போட்டுப் பாத்திரத்தை வையுங்கள். அந்தச் சூடே போதும். பதினாறு மணி நேரம்கூட ஆகலாம். அடியில் ஒரு தட்டு வையுங்கள், பொங்கி வழியும்.