ஆத்தங்குடிக் கல் பட்டறைக்குக் கணினிக் கணக்கு: எங்கிருந்து தொடங்குவது?

காரைக்குடியைச் சுற்றியுள்ள ஊர்களில், தரையில் பதிக்கும் ஆத்தங்குடிப் பூக்கல் செய்யும் கல் பட்டறை, கண்டாங்கிச் சேலைக் கடை, பலகாரக் கடை என்று தொழில் நடத்துபவர்கள் பலர், கணினி வாங்கிய கையோடு கணக்கு மென்பொருளையும் வாங்கிவிடுகிறார்கள். பிறகு பில் போடுவதற்கு மட்டும் கணினி பயன்படுகிறது. மற்றவை பழையபடி நோட்டிலும் வாட்ஸ்அப்பிலும் முதலாளியின் ஞாபகத்திலும் சிதறிக் கிடக்கின்றன. மென்பொருள் வாங்குவது இந்த வேலையின் கடைசிப் படி என்பது என் உறுதியான கருத்து. எதை, யார், எப்போது எழுதுவது, எழுதியதை யார் எதற்காகப் பார்ப்பது என்ற ஏற்பாடும், அதை நடத்தும் ஆட்களும், அவர்களுக்கு உதவும் கருவிகளும் சேர்ந்ததைத்தான் தகவல் அமைப்பு என்கிறோம்.

செட்டிநாட்டுக்கு இது புதிய சங்கதி அன்று. நாட்டுக்கோட்டைச் செட்டியார்களாகிய நகரத்தார் பர்மாவிலும் இலங்கையிலும் மலேயாவிலும் கொடுக்கல் வாங்கல் நடத்திய காலத்தில், அங்கிருந்த ஏஜெண்டு அன்றாடம் நடந்ததைச் சிட்டையில் எழுதி, அதைப் பேரேட்டில் ஆளுக்கொரு பக்கமாகப் பற்று வரவு வைத்து, வரவு, செலவு, பாக்கி எல்லாவற்றையும் தொகுத்துக் காட்டும் ஐந்தொகை எடுத்து ஊருக்கு அனுப்பினார். முதலாளி கடையைக் கண்ணால் பார்க்காமலேயே தொழிலின் நிலையை அறிந்துகொண்டார். சிட்டையில் இருப்பது தரவு, ஐந்தொகை சொல்வது தகவல். இரண்டுக்கும் நடுவில் உள்ள பெயர்த்தெழுதும் வேலையையும் கூட்டிக் கழிக்கும் வேலையையும் கணினி ஏற்றுக்கொள்கிறது. சிட்டையை எழுதும் பொறுப்பு இன்றும் நம்முடையதே. அது ஒழுங்காக இல்லையென்றால் கணினி தரும் ஐந்தொகையும் ஒழுங்காக இராது.

எனவே முதலில் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, ஓர் ஆர்டர் பட்டறைக்கு வந்தது முதல் பணம் முழுதும் வசூலாகும் வரை என்னென்ன நடக்கிறது என்று எழுதுங்கள். சென்னையில் வீடு கட்டும் ஒருவர் 500 சதுர அடி தளத்துக்கு 10 அங்குலக் கல் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சதுர அடிக்கு 1.44 கல் வீதம் 720 கல் வேண்டும். வெட்டுக்கும் உடைசலுக்குமாக 5 சதவீதம் சேர்த்தால் 756. அட்வான்ஸ் வருகிறது. கண்ணாடியின் மேல் அச்சை வைத்து, அச்சின் அறைகளில் வண்ணக் கலவையை ஊற்றி, அச்சை எடுத்துவிட்டு, உலர்ந்த சிமெண்டைத் தூவி, அதன் மேல் சிமெண்டும் மணலும் கலந்த கலவையை அடைத்து மட்டப்படுத்துகிறார்கள். கல் இறுகிய பின் தண்ணீர்த் தொட்டியில் ஊறுகிறது, பிறகு காய்கிறது. உடைந்தவை கழிக்கப்பட்டு மீதி லாரியில் ஏறுகிறது.

இவ்வளவையும் கணினியில் ஏற்ற வேண்டியதில்லை. எண்ணிக்கையோ பணமோ மாறும் இடங்களை மட்டும் வட்டமிடுங்கள்: ஆர்டர், அட்வான்ஸ், உற்பத்தி, சேதாரம், லோடு ஏற்றியது, வசூல். இவை ஒவ்வொன்றையும் நடந்த இடத்திலேயே, நடந்த அன்றே, ஒரே ஒரு முறை எழுத வேண்டும். 756 என்ற எண்ணையோ பாக்கித் தொகையையோ யாரும் தனியாக எழுதக் கூடாது. அளவும் விலையும் வரவும் பதிவாகியிருந்தால் கணினியே அவற்றைக் கணக்கிட்டுக் காட்டும். கையால் எழுதிய பாக்கி ஒன்றும் கணினி காட்டும் பாக்கி வேறொன்றுமாக இருந்தால், வாடிக்கையாளரிடம் எதைச் சொல்வது?

இந்த இடத்தில் நிதானமாக முடிவெடுக்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. கல் எப்போது இருப்பில் சேர்கிறது? அச்சில் போட்ட அன்றா, தொட்டியிலிருந்து எடுத்துக் காய்ந்து எண்ணிய பிறகா? மேஸ்திரி போட்ட அன்றே எழுத, விற்பனையைப் பார்ப்பவர் காய்ந்த கல்லை மட்டும் இருப்பாகக் கருதினால், கணினியில் 300 கல் இருப்பதைப் பார்த்து லாரியை வரச்சொல்லிவிடுவார்கள். அந்த 300 கல்லும் தண்ணீருக்குள் இருக்கும். ஆகவே ‘போட்டது’, ‘தயார்’ என்று இரு நிலைகளாகப் பிரித்து, தயார் நிலைக்கு மாற்றும் பொறுப்பை எண்ணிப் பார்ப்பவர் ஒருவரிடமே விடுவது நல்லது. எந்த மென்பொருளும் இந்த முடிவை உங்களுக்காக எடுத்துத் தராது.

அடுத்தது எண் கொடுப்பது. ஒரே டிசைனை முதலாளி ஒரு பெயராலும், கல் போடுபவர் வேறு பெயராலும், வாங்குபவர் படத்தைக் காட்டியும் குறிப்பிடுவார்கள். டிசைன் ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் கொடுத்து, அதே எண்ணை அச்சின் மீதும் மாதிரிக் கல்லின் பின்புறமும் எழுதிவிடுங்கள். நிறுத்திவிட்ட டிசைனின் எண்ணை இன்னொன்றுக்குக் கொடுக்காதீர்கள். வாடிக்கையாளருக்கும் இதே முறைதான். பாட்டனார் பெயரைப் பேரனுக்கு வைக்கும் நம் பக்கத்தில், ஒரே ஊரில் ஒரே பெயருடைய மூவர் இருப்பது சாதாரணம். கைபேசி எண்ணை அடையாளமாகக் கொள்வதும் சரிவராது, அது மாறும். பெயரும் முகவரியும் வாடிக்கையாளர் பட்டியலில் ஒரே ஓரிடத்தில் இருக்க, ஆர்டர் பட்டியலில் அவருடைய எண் மட்டும் இருந்தால், முகவரி மாறும்போது ஒரு வரியைத் திருத்தினால் போதும். 1970-இல் ஐபிஎம் நிறுவனத்தில் பணியாற்றிய எட்கர் காட் வகுத்துத் தந்த, தரவைத் தனித்தனிப் பட்டியல்களாக வைத்து இணைக்கும் தொடர்புசார் தரவுத்தளத்தின் அடிப்படையும் இதுவே. பெயர்களைத் தமிழில் உள்ளிடுவதானால் எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடாகிய யூனிகோடில் உள்ளிடுங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்தவை எழுத்துரு மாறினால் குழம்பும், தேடினாலும் அகப்படா.

2017 ஜூலை 1 முதல் ஜிஎஸ்டி நடைமுறையில் இருப்பதால், பில்லுக்கும் விதிகள் உண்டு. பில் எண் தொடர் வரிசையில், ஒரு நிதியாண்டுக்குள் மறுபடி வராததாக, 16 எழுத்துகளுக்கு மிகாமல் இருக்க வேண்டும். ஆகவே தவறான பில்லை அழித்துவிட்டு அதே எண்ணில் வேறு பில் போட இடம் தராதீர்கள். பதிவு பெற்ற வாங்குநரின் ஜிஎஸ்டி எண்ணில் 15 எழுத்துகள் இருக்கும்; முதல் இரண்டு மாநிலக் குறியீடு, தமிழ்நாட்டுக்கு 33; அடுத்த பத்து பான் எண்; கடைசி எழுத்து முன்னுள்ளவற்றைக் கொண்டு கணக்கிடப்படும் சோதனை எழுத்து. தட்டச்சில் ஓர் எழுத்து பிசகினால், பதிவாகும் முன்பே அதைப் பிடித்துவிட இந்த அமைப்பு உதவுகிறது. உள்ளே வரும்போதே பிழையைத் தடுக்கும் இத்தகைய சோதனை, வாங்கப்போகும் மென்பொருளில் இருக்கிறதா என்று கேளுங்கள்.

ஆளுக்கொரு கடவுச்சொல் கொடுங்கள். பணம் வாங்கிப் பதிபவருக்கு அந்தப் பதிவை அழிக்கும் அனுமதி வேண்டாம். கணினியில் உள்ள பதிவுகளுக்கு அன்றாடம் ஒரு நகல் எடுத்து, அதைப் பட்டறையில் அல்லாமல் வேறிடத்தில் வையுங்கள். அந்த நகலை வேறொரு கணினியில் திறந்து பார்த்தால்தான் அது நகல் என்று நம்பலாம்.

இவ்வளவும் தாளில் தீர்ந்த பிறகே மென்பொருளைத் தேடுங்கள். சிறிய பட்டறைக்குத் தொடக்கத்தில் எக்செல் போன்ற விரிதாளே போதுமானது. நிதியாண்டு பிறக்கும் ஏப்ரல் 1 அன்று கல்லை நேரில் எண்ணி, யாருக்கு எவ்வளவு பாக்கி என்பதைச் சரிபார்த்து, அவற்றை ஆரம்ப இருப்பாக ஏற்றுங்கள். ஒரு மாதம் நோட்டும் கணினியும் சேர்ந்தே நடக்கட்டும். மாத முடிவில் இரண்டிலும் ஐந்தொகை எடுத்து ஒப்பிட்டு, ஒரு ரூபாயோ ஒரு கல்லோ வித்தியாசப்பட்டாலும் எந்தப் பதிவில் என்று கண்டுபிடித்து, இரண்டும் ஒத்துவந்த பிறகு நோட்டை நிறுத்துங்கள்.