தூரிகைக் குவளை வாங்குகிறீர்களா? முதலில் வாயைப் பாருங்கள்

சீன அறிஞர்களின் எழுதுமேசைப் பீங்கான்களைச் சேர்க்க ஆரம்பிக்கிறவர்கள் இப்போது நிறைய. எழுதும் தூரிகைகளை நிறுத்திவைக்கும் தூரிகைக் குவளை, தூரிகை கழுவும் கிண்ணம், மை அரைக்கும் கல்லில் தண்ணீர் விடும் குட்டிக் குடுவை, முத்திரை குத்தும் சிவப்புச் சாந்தை வைக்கும் செப்பு (மூடியுள்ள சிறு டப்பா) என்று எல்லாமே ஒரு அலமாரித் தட்டில் அடங்கிவிடும். ஆனால் நாங்கள் விழுந்த அதே குழிகளில் இவர்களும் வரிசையாக விழும்போது சும்மா இருக்க முடியவில்லை. புதுச்சரக்கை டீத்தண்ணீரில் ஊறவைத்துப் பழசாக்கும் வித்தையை எல்லாம் விட்டுவிடுகிறேன், அது ஊரறிந்தது.

அடியில் உள்ள எழுத்தை நம்புவது

பேரரசர் பெயரைப் பீங்கானில் எழுதக் கூடாது என்று 1677-ல் சீனாவின் பீங்கான் நகரமான ஜிங்டெஜென் பகுதியின் அதிகாரி தடை போட்டார். அதனால் பேரரசர் காங்ஷி காலத்து (1662–1722) அசல் சாமான்கள் பலவற்றின் அடியில் வெறும் இரட்டை வட்டம்தான் இருக்கும், இல்லாவிட்டால் இருநூறு வருஷம் முந்தைய மிங் பேரரசர் செங்ஹுவாவின் பெயர். காங்ஷி பெயரைத் தாங்கிய 19-ஆம் நூற்றாண்டுச் சரக்கோ எக்கச்சக்கம்.

வெட்டிய ஜாடியைக் குவளை என்று வாங்குவது

எனக்கு இன்னமும் எரிச்சல் தருவது இதுதான். கழுத்து உடைந்த உருளை ஜாடிக்கு விலை கிடையாது. தோளுக்குக் கீழே நறுக்கி, விளிம்பைச் சாணைபிடித்து, மேலே பழுப்புச் சாயம் தடவினால் அதுவே 'தூரிகைக் குவளை' ஆகிவிடும். களிமண்ணும் பழசு, நீல ஓவியமும் பழசு, அடிப்பாகமும் பழசு. பொய் முழுக்க அந்த ஒரு விரல் அகலத்தில் இருக்கிறது. போலியைக்கூட மன்னித்துவிடலாம்!

ஒரு தம்பி ஹாங்காங்கிலிருந்து ஒன்று வாங்கிவந்து காட்டினார். பைன் மரத்தடியில் கிழவர் ஒருவர் நிற்கிறார், தொப்பியின் மேல்பாதியைக் காணோம். விளிம்பில் செம்புப் பட்டை. சோங் வம்ச காலத்து 'திங்' வகை வெள்ளைப் பீங்கான் கிண்ணங்களில்கூடப் பட்டை உண்டே என்று கடைக்காரர் சொன்னாராம். உண்டு, ஆனால் அவற்றைக் கவிழ்த்துச் சுட்டதால் வாயில் மெருகு (கண்ணாடி போன்ற மேல்பூச்சு) இருக்காது, அதை மறைக்கத்தான் பட்டை. நிமிர்த்திச் சுட்ட குவளைக்கு எதற்கு? பட்டையைக் கழற்றச் சொன்னேன். பட்டை இருந்த இடத்தில் மொரமொரவென்று சாணைபிடித்த வெள்ளை மண். தம்பி பேசவே இல்லை, கொடுத்த பணம் அப்படி.

இரண்டு நிமிஷ வேலைதான். வெட்டாத வாயில் பெரும்பாலும் மெருகு விளிம்பின் மேலேறி உள்ளே இறங்கியிருக்கும். நகத்தை ஓட்டினால் அநேகமாகத் தட்டாது. பல்லால் மெதுவாகத் தொட்டுப் பாருங்கள், பீங்கான் 'டிக்' என்று கடினமாகப் படும், சாயம் மெத்தென்று இருக்கும் (கடைக்காரர் முறைப்பார், முறைக்கட்டும்). சித்திரம் மேலே பாதியில் அறுபடுகிறதா, சுவர் உள்பக்கம் சாயத் தொடங்குகிறதா என்று பாருங்கள். அப்புறம் புற ஊதா டார்ச் அடித்தால் பூசிய இடம் பெரும்பாலும் வேறு நிறத்தில் தெரியும். பட்டையைக் கழற்ற விடமாட்டேன் என்றால் வெளியே வந்துவிடுங்கள்.

சாந்துச் செப்புக்கு வேற்று மூடி

சுழற்றிப் பாருங்கள். ஆடினால் சந்தேகம்தான்.

தேய்த்துக் கழுவுவது

வேண்டாம். பொன்வரி போனால் போனதுதான்.

ஏல விலையைக் காட்டிப் பேசுவது

2017-ல் ஹாங்காங் ஏலத்தில் சோங் காலத்து 'ரூ' வகைப் பீங்கானில் 13 செ.மீ. அகலக் கிண்ணம் ஒன்று, தூரிகை கழுவத்தான், 29 கோடி ஹாங்காங் டாலருக்கு மேல் போனது. உங்களிடம் இருப்பது அதற்குத் தூரத்துச் சொந்தம்கூட இல்லை.