முட்டத்துப் படம் போனுக்கு வரும் வழி

முட்டம் பாறை மேல் நின்று அந்தியில் எடுத்த ராவ் (RAW, கேமரா பதிந்த மூலக் கோப்பு) படங்களைக் கம்ப்யூட்டரில் திருத்தியாச்சு, போனிலும் வேண்டும், அவ்வளவுதானே? படம் திருத்தும் அடோப் மென்பொருளான லைட்ரூம் கிளாசிக்கில் மேலே வலது மூலையில் உள்ள மேகக் குறியைத் தட்டி சிங்க்கை (கிளவுட் வழியாகப் போனோடு இணைப்பதை) தொடங்குங்கள். அப்புறம் ஒரு கலெக்‌ஷன் (படத் தொகுப்பு) உருவாக்கி, படங்களை அதில் போட்டு, அதன் பெயருக்கு இடப்பக்கச் சின்னக் கட்டத்தைத் தட்டுங்கள். ஃபோல்டர் சிங்க் ஆகாது, கலெக்‌ஷன்தான்.

பலரும் ஏமாறுவது இங்கேதான். கிளாசிக் கிளவுடுக்கு அனுப்புவது அசலை அல்ல, நீளப் பக்கம் 2560 பிக்சல் உள்ள ஸ்மார்ட் பிரிவியூ என்ற சிறிய நகலை. அது கிளவுட் இடத்தைத் தின்னாது, சரி, ஆனால் அதை நம்பி ஹார்ட் டிஸ்க்கைக் காலி செய்தால் போச்சு, மாத்தூர் தொட்டிப்பாலத்தில் நான் எடுத்த ஒரு காலைப்பொழுது முழுக்க அப்படித்தான் போனது. போன் லைட்ரூம் ஆப்பிலிருந்து ஏற்றினால் நேர்மாறு, அசலே போகும், இடமும் குறையும். திற்பரப்பில் அருவியைச் சுட்டுத்தள்ளும் நாளில் ஆப் செட்டிங்ஸில் மொபைல் டேட்டாவை அணைத்துவிடுங்கள், வீட்டு வைஃபையில் ஏறிக்கொள்ளட்டும்.

வெளியிட ஜேபெக், எஸ்ஆர்ஜிபி (sRGB) நிற வரம்பு, நீளப் பக்கம் 2048 பிக்சல் போதும். அடோப் ஆர்ஜிபி என்ற இன்னொரு நிற வரம்பில் விட்டால் அந்தச் செவ்வானம் சில திரைகளில் வெளுத்துப்போய்த் தெரியும்.