மஞ்சள் கேப்ஸ்யூலில் குர்குமின் எவ்வளவு? அளந்து பார்க்கும் முறை

டப்பாவில் 'மஞ்சள் 500 மி.கி.' என்று போட்டிருந்தால், மஞ்சளுக்கு நிறம் தரும் குர்குமின் 500 மி.கி. இருப்பதாக அர்த்தமில்லை. சாதாரண மஞ்சள் தூளில் குர்குமினும் அதன் இரண்டு உறவுச் சேர்மங்களும் சேர்ந்தே சுமார் 3 சதவீதம்தான். பிரித்தெடுத்த சாற்றுத் தூளில் 95 சதவீதம் வரை இருக்கும். கைவசம் இருப்பது எது என்று கண்டுபிடிக்கக் கல்லூரி ஆய்வகத்து ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டரே (கரைசல் எவ்வளவு ஒளியை உறிஞ்சுகிறது என்று அளக்கும் கருவி) போதும்.

முதலில் 20 கேப்ஸ்யூல்களைப் பிரித்து, தூளை எடைபோட்டு, நன்றாகக் கலந்துகொள்ளுங்கள். ஒன்றை மட்டும் எடுத்தால் அந்த ஒன்றின் கதைதான் தெரியும்.

சாற்றுத் தூள் என்றால் 25 மி.கி., வெறும் மஞ்சள் தூள் என்றால் 500 மி.கி. நிறுத்து 100 மி.லி. ஃபிளாஸ்கில் போடுங்கள். முக்கால்வாசி மெத்தனால் ஊற்றி 20 நிமிடம் சோனிகேட்டரில் (ஒலி அலைகளால் அதிரவைத்துக் கரைக்கும் கருவி) வையுங்கள். ஆறியதும் கோடு வரை நிரப்பி வடிகட்டுங்கள். அதில் 1 மி.லி. எடுத்து, மெத்தனால் சேர்த்து மறுபடி 100 மி.லி. ஆக்குங்கள். மெத்தனால் நஞ்சு, ஃபியூம் ஹூடை (ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் ஆய்வகப் பெட்டி) விட்டு வெளியே எடுக்க வேண்டாம். குர்குமின் வெளிச்சத்தில் சிதையும், அதனால் ஃபிளாஸ்கைச் சுற்றி அலுமினியத் தாள் கட்டாயம்.

அப்புறம், தூய்மை தெரிந்த குர்குமினில் மி.லி.க்கு 1, 2, 3, 4, 5 மைக்ரோகிராம் கரைசல்கள் தயாரியுங்கள். வெறும் மெத்தனாலை வைத்துக் கருவியைப் பூஜ்யமாக்கி, 425 நானோமீட்டரில் ஒவ்வொன்றின் ஒளி உறிஞ்சலையும் குறித்து வரைபடம் போடுங்கள். நேர்கோடு வரவில்லை என்றால் மாதிரியைத் தொடாதீர்கள். பிப்பெட் வேலையைத் திரும்பச் செய்யுங்கள். கரைசலைக் கருவிக்குள் வைக்கும் சிறு குப்பியான குவெட் கண்ணாடியில் இருந்தால் போதும், குவார்ட்ஸ் தேவையில்லை.

சரி, கணக்கு. உங்கள் மாதிரிக்கு வரைபடம் மி.லி.க்கு 2.2 மைக்ரோகிராம் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு முறை 100 மி.லி. ஆக்கியதால் 2.2 × 100 × 100 = 22,000 மைக்ரோகிராம், அதாவது 22 மி.கி. எடுத்தது 25 மி.கி., ஆகவே 88 சதவீதம். இதைக் கேப்ஸ்யூலின் சராசரித் தூள் எடையால் பெருக்கி லேபிளோடு ஒப்பிடுங்கள்.

கேப்ஸ்யூலில் மிளகின் பைப்பரின் சேர்த்திருந்தாலும் கவலையில்லை. அது 340 நானோமீட்டர் பக்கம்தான் உறிஞ்சும். மஞ்சள் சாயம் கலந்திருந்தால்தான் வம்பு. கருவிக்கு மஞ்சள் நிறம் தெரியும், அது எங்கிருந்து வந்தது என்று தெரியாது. சந்தேகம் வந்தால், சேர்மங்களைத் தனித்தனியாகப் பிரித்து அளக்கும் எச்.பி.எல்.சி. கருவிக்குப் போக வேண்டும். அதில் இயற்கை மஞ்சள், சேர்மத்துக்கு ஒன்றாக மூன்று சிகரங்களைக் காட்டும். குர்குமின் சிகரம் மட்டும் தனியாக நின்றால், தொழிற்சாலையில் செயற்கையாகத் தயாரித்ததோ என்று சந்தேகிக்க இடமுண்டு.